கொலைகாரன் போன பிறகு

வணக்கம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 'தி ஃபைனல் கேர்ள் சப்போர்ட் குரூப்' வாங்கினேன். கொலைகாரனிடமிருந்து தப்பிப் பிழைத்த பெண்கள் கூடிப் பேசுகிற கதை என்று பின்னட்டையில் படித்ததும் ரொம்ப ஆசையாக இருந்தது. நூறு பக்கம் தாண்டியதும் யார் எந்தப் பெண் என்றே குழம்பிவிட்டது. ஒரே ஓட்டம். கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வருகிற பழைய ஸ்லாஷர் படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் பிடிக்கவில்லையா? இவருடைய வேறு நாவல் படிக்கலாமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் இதே ஏமாற்றம்தான்.

2021இல் இந்த நாவல் வந்தபோது நான் மிகவும் எதிர்பார்த்துப் படித்தேன். ஸ்லாஷர் படம் எங்கே முடியுமோ அங்கே இது தொடங்குகிறது. எல்லோரும் செத்து, ஒரு பெண் மட்டும் ரத்தத்தோடு எழுந்து நிற்பாள். மறுநாள் காலை அவள் என்ன செய்வாள்? பத்து வருடம் கழித்து? அருமையான கேள்வி. முதல் அத்தியாயங்களில் பதிலும் இருக்கிறது. கதை சொல்லும் லினெட் தன் வீட்டு வாசலுக்கு உள்ளே இரும்புக் கூண்டு போட்டு வைத்திருக்கிறாள். தெருவில் போகிறவர்களின் காலணியைக் கவனிக்கிறாள். துணைக்கு இருப்பது ஒரு செடி. அதனிடம்தான் பேசுகிறாள். பயம் ஒருத்தியின் அன்றாடமாகவே ஆகிவிட்டதை இந்தப் பக்கங்களில் ஹென்ட்ரிக்ஸ் உண்மையாக எழுதியிருக்கிறார்.

அப்புறம் குழுவில் ஒருத்தி கொல்லப்படுகிறாள், துரத்தல் தொடங்குகிறது, இந்தப் பெண்கள் உட்கார்ந்து பேச நேரமே கிடைப்பதில்லை. எனக்கு வருத்தம் இங்கேதான். எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதே மாதிரிப் படத்துக்குள் ஆசிரியர் அவர்களைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்.

உங்கள் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. மர்லின் என்ற பாத்திரத்தின் பெயர் 1974இல் வந்த 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்தின் நடிகை மர்லின் பர்ன்ஸிடமிருந்து வருகிறது. ஹெதர், 1984இன் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' நாயகி ஹெதர் லாங்கன்கேம்ப். ஏட்ரியன், 1980இன் 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' ஏட்ரியன் கிங். படம் பார்த்தவருக்குப் பெயரைக் கண்டதும் ஒரு சந்தோஷம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை நம்பி ஆசிரியர் பாத்திரத்தை வளர்க்காமல் விட்டுவிட்டார். ஒருத்தி பணக்காரி, ஒருத்தி போதைக்கு அடிமை என்று ஆளுக்கொரு அடையாளம்தான் மிஞ்சுகிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ சங்கர் பெயர் தெரியாதவர் சென்னையில் குறைவு. சிறையிலிருந்து அவன் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல் தீர்ப்பானது. 1995இல் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். இவ்வளவும் நமக்குத் தெரியும். கொல்லப்பட்டவர்களின் வீட்டார் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதி நான் படித்ததில்லை. கொலைகாரன் பிரபலமாவதும் தப்பியவள் மறக்கப்படுவதும் இந்த நாவலுக்குள்ளேயே வருகிற விஷயம்தான். அதில் நின்று எழுதியிருந்தால் இது பெரிய நாவலாகியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் தேடியது ஓரளவு கிடைக்க வேண்டுமென்றால் 1978இன் 'ஹாலோவீன்' பார்த்துவிட்டு 2018இல் அதே பெயரில் வந்த படத்தைப் பாருங்கள். ஜேமி லீ கர்டிஸ் நடித்த லாரி என்ற பெண், கொலைகாரனிடமிருந்து தப்பிய அந்த ஒரு இரவை நாற்பது வருடம் கழித்தும் விட்டு வெளியே வரவில்லை, பெற்ற மகளே அதனால் அவளை விட்டு விலகிப்போயிருக்கிறாள்.

ஹென்ட்ரிக்ஸைக் கைவிட வேண்டாம். 2016இல் அவர் எழுதிய 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் எக்சார்சிசம்' படியுங்கள். 1980களின் சார்ல்ஸ்டன் நகரம், பள்ளித் தோழிகள் இரண்டு பேர், அதில் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிடுகிறது. அந்தச் சிநேகம் வளர அவர் பக்கங்களைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். அதனால் பேய் வந்ததும் நமக்கும் பதறுகிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.