ஸ்டாப் மோஷன் படங்களில் எதை ரசிக்க வேண்டும்?

பொம்மையைக் கையால் இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து, அவற்றை வேகமாக ஓடவிடுவதே ஸ்டாப் மோஷன். படங்கள் விரைந்து மாறும்போது நம் மூளை அவற்றை ஒரே அசைவாக இணைத்துக்கொள்கிறது.

திரையில் வினாடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிந்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 நிலைகள் வேண்டும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று விரல்கள் கிள்ளிக்கொண்டே போகும். கூடை மெதுவாகத்தான் நிறையும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துதான் ஒரு கிலோ தேயிலையாகிறது. தேநீர் குடிப்பவருக்கு அந்த விரல்கள் தெரிவதில்லை.

ஸ்டாப் மோஷன் படங்களில் தெரியும். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1933இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் குரங்கின் மயிர் காரணமின்றிச் சிலிர்க்கும். ஒவ்வொரு முறையும் பொம்மையைத் தொட்ட கையின் தடம் அது! இனிப் பார்க்கும்போது மயிரையும் துணியின் மடிப்பையும் கவனியுங்கள்.

பொம்மைக்குள் மோட்டார் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது மூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூடு மட்டுமே, அதை அசைப்பது மனிதக் கை.