கதையில் வரும் பெண் எப்போது பெண்ணியப் பாத்திரம் ஆகிறாள்?

"வேலைக்குப் போகிறாள், ஆணை எதிர்த்துப் பேசுகிறாள்; இது போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், போதாது.

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டே நண்பர்களோடு இதைத்தான் பேசினோம். ஒரு தோழி மலேசிய ரப்பர் தோட்டத்துக் கதைகளை எடுத்தாள். இருட்டோடு எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு ஓடி, பால்மரம் வெட்டும் பெண் அவற்றில் நிறைய வருகிறாள். சம்பாதிக்கிறாள்தான். ஆனால் அந்தச் சம்பளக் காசு யார் கைக்குப் போகிறது, அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கதை கேட்கிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சீதை தீக்குளித்ததைக் கேட்டு அகலிகை கொதித்துப்போகிறாள். தனக்கு ஒரு நீதி, ராமனுக்கு ஒரு நீதியா? கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள். தோற்றுப்போனவள் என்று அன்று ஒருவர் வாதாடினார். எனக்கு அது ஒப்பவே இல்லை. ஜெயிப்பதா முக்கியம்? அநீதியை அவளே தன் கண்ணால் அளக்கிறாள், அந்த மனசுக்குள்ளேயே கதையும் நிற்கிறது.

1985-இல் அலிசன் பெக்டலின் சித்திரக்கதையில் வந்த சோதனையையும் சொல்வார்கள்: படத்தில் இரண்டு பெண்களாவது தங்களுக்குள் ஆணைப் பற்றியல்லாமல் வேறெதையாவது பேச வேண்டும். அது படத்தை அளக்கத்தான். அகலிகையை அதில் நிறுத்தாதீர்கள்.