மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு: பயிற்சிக்கு வந்தவர்கள் கேட்டவை

மண்டபங்களில் மிஞ்சும் உணவை வாங்கி ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கும் குழுக்களுக்கு நான் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி தருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நாங்கள் இலவசமாகத்தானே கொடுக்கிறோம், எங்களுக்கும் பதிவு தேவையா?

தேவை. 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாபம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது உணவுத் தொழில்தான் என்கிறது. மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கென்றே 2019இல் தனி விதிமுறைகளும் வந்துவிட்டன. ஊழியர்களுக்கு ஃபோஸ்டாக் என்ற அரசுப் பயிற்சி இருக்கிறது (டோல்கேட் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் இல்லை, அது வேறு!).

மதியம் வடித்த சாதம். சாயங்காலம் முகர்ந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எடுக்கலாமா சார்?

மூக்கை நம்பாதீர்கள். எத்தனை மணிக்கு இறக்கினார்கள், அப்புறம் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே ஒட்டியிருக்கும், உலை கொதித்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாடை வந்தாக வேண்டும் என்பதில்லை. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட நிலையில் மொத்தம் 4 மணி நேரம் தாண்டினால் நாங்கள் தொடுவதில்லை. வண்டியில் போகும் நேரமும் இல்லத்தில் பரிமாறும் நேரமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அண்டாவைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மேல்சாதம் ஆறி வறண்டிருக்கும். நடுவில் கரண்டியை விட்டுக் கிளறினால் ஆவி வரும். அந்த நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தெர்மாமீட்டரை அங்கேயும் குத்துங்கள், ஓரத்திலும் குத்துங்கள். குளிர வைப்பதானால் அகலமான ட்ரேக்களில் மெல்லிசாகப் பரப்பித்தான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

எதையெல்லாம் யோசிக்காமல் மறுக்கலாம்?

இலையில் வைத்தது, தேங்காய்ச் சட்னி, ஆறிப்போன பால் பாயசம், வெட்டி வெளியே கிடந்த பழம். லட்டு, முறுக்குக்குப் பயமில்லை. முந்திரி, கடலை சேர்ந்திருந்தால் மட்டும் பாத்திரத்தில் எழுதி ஒட்டுங்கள், சிலருக்கு அவை அலர்ஜி.

கையில் சின்ன வெட்டு. குளோவ்ஸ் போட்டால் போதாதா?

முதலில் தண்ணீர் புகாத பிளாஸ்டர், அதன் மேல் குளோவ்ஸ். சீழ் இருந்தால் அன்றைக்கு அவருக்கு ரெஜிஸ்டர் வேலைதான். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால், நின்று 48 மணி நேரம் கழித்து வரட்டும்.

"கொட்ட மனசு வரலைங்க, எடுத்துட்டுப் போங்க" என்று மண்டபத்தில் கெஞ்சுகிறார்கள். எப்படி மறுப்பது?

பயிற்சியில் பாதி நேரத்தை நான் இதற்குத்தான் ஒதுக்குகிறேன். சங்கடம் வருவது கடைசியில் போய் நிற்பதால்தான். பந்தி ஆரம்பிக்கும் முன்பே சமையல் மாஸ்டரிடம் பேசிவிடுங்கள்: "அண்ணே, பந்திக்குப் போகாததைத் தனியா, சூடா மூடி வச்சிடுங்க. எட்டரைக்கு வண்டி வரும்." அவருக்குத்தான் எது எப்போது இறங்கியது என்று தெரியும்; மண்டபக்காரருக்கோ பெண் வீட்டாருக்கோ தெரியாது. அப்படியும் நேரம் தாண்டியிருந்தால், தெர்மாமீட்டரைக் காட்டி, "விதி அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சரி, மாட்டுக்காவது போடலாமே என்பார்கள். சாதம் அதிகமாகப் போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். உரக்குழிதான் அதற்கு இடம்.

ரெஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும்?

உணவின் பெயர், சைவமா அசைவமா, எங்கிருந்து வந்தது, சமைத்த நேரம், மண்டபத்தில் எடுக்கும்போதும் இல்லத்தில் இறக்கும்போதும் இருந்த சூடு, வாங்கியவர் கையெழுத்து. சூட்டை அங்கேயே நின்று எழுதுங்கள், ஆபீசுக்கு வந்து நிரப்ப வேண்டாம்.