இத்தாலிக்காரங்க சேர் விக்கத்தான் விழா நடத்துறாங்களா?

கேள்வி: நான் வேலை பாக்குற வெளிநாட்டு ஊர்ல இத்தாலி டிசைன் நாள்னு ஒரு நிகழ்ச்சிக்கு ஃப்ரெண்டு கூட்டிட்டு போனாரு. ஒரு மணி நேரம் சேர், லைட்டு, காபி மெஷின் பத்தியே பேசினாங்க, ஸ்கிரீன்ல கம்பெனி பேரா ஓடிச்சு. கலை, இலக்கியம்னு பேர வெச்சுக்கிட்டு ஒரு அரசாங்கமே இப்படி கடை விரிக்கலாமா சார்? இதுக்கு பேரு கலாச்சாரமா?

பதில்: கடை தான் விரிக்கிறாங்க, அத அவங்க ஒளிக்கவே இல்லையே. 2017ல இந்த டிசைன் நாள ஆரம்பிக்கும்போதே இத்தாலி வெளியுறவு அமைச்சகம் மிலான் பர்னிச்சர் சந்தைக்காரங்களையும் கூட சேத்துக்கிச்சு, 1961லேர்ந்து நடக்குற சந்தை அது, உலகம் பூரா இருந்து வியாபாரிங்க ஆர்டர் குடுக்க வர்ற இடம். இத்தாலிலேர்ந்து வருஷா வருஷம் நூறு ஊருக்கு பக்கம் ஆர்க்கிடெக்ட், டிசைனர், பேராசிரியர்னு தூதர்கள் மாதிரி ஆள் அனுப்புறாங்க. விக்கிறாங்கங்கிறதுக்காக அது கலாச்சாரம் இல்லன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியாது.

மோக்கா பாத்திரத்த எடுத்துக்கோங்க. 1933ல பியாலெத்தி கம்பெனி கொண்டு வந்த எட்டு பட்டை அலுமினிய பாத்திரம். நம்ம ஃபில்டர்ல டிகாக்‌ஷன் சொட்டு சொட்டா கீழ இறங்கும்ல, இதுல அடில இருக்குற தண்ணி கொதிச்சு ஆவி தள்ளி காபித்தூளுக்குள்ள ஏறி மேல்பாத்திரத்துல குமிழ் விட்டு நிக்கும், அந்த கடகட சத்தம் கேட்டா அடுப்ப அணைக்கணும். கடையில காசு குடுத்து வாங்குற சாமான் தான். ஆனா காலைல அந்த சத்தம் கேக்காத இத்தாலி வீட்ட தேடித்தான் கண்டுபிடிக்கணும். இதுல எது வியாபாரம் எது கலாச்சாரம்னு எந்த எடத்துல கோடு போடுவீங்க?

இதவிட பெரிய உதாரணம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சதும் அது தான். 1972ல நியூயார்க் மோமா அருங்காட்சியகத்துல எமிலியோ அம்பாஸ்னு ஒரு அர்ஜென்டினாக்காரர் இத்தாலி டிசைனுக்குன்னே ஒரு கண்காட்சி நடத்துனாரு. இத்தாலி அரசாங்கத்தோட ஏற்றுமதி துறை, ஃபியட், ஒலிவெத்தினு பெரிய பெரிய இடங்கள்லேர்ந்து ஆதரவு. நூத்தி எண்பது பொருள வெச்சாங்க, அதுல ஒலிவெத்தியோட செவப்பு வேலன்டைன் டைப்ரைட்டரும் உண்டு, சோத்சாஸ்னு ஒரு டிசைனர் பண்ணது, அதே செவப்புல ஒரு வாளி மாதிரி உறை, டைப்ரைட்டர அதுக்குள்ள சொருகி ரெண்டு ரப்பர் வார மாட்டினா கைல தூக்கிட்டு கிளம்பிடலாம். சரி, இது எல்லாம் விக்கிற சாமான். அதே கண்காட்சில ஆர்க்கிஸூம்னு ஃப்ளாரன்ஸ் ஆர்க்கிடெக்ட் பசங்க குழு ஒண்ணுக்கும் ஒரு அறை குடுத்திருந்தாங்க. அவங்க அறையில சேர் இல்ல, மேஜை இல்ல, ஒண்ணுமே வெக்கல. நடுவுல ஒரு மைக் தொங்குது, ஒரு சின்ன பொண்ணோட குரல் மட்டும் ஒரு அழகான வீட்ட வர்ணிச்சுக்கிட்டே இருக்கு, வெளிச்சமும் கலருமா இருக்குற வீடு, அந்த வீட்ட கேக்குறவங்க அவங்கவங்க மனசுல கட்டிக்க வேண்டியது தான். இன்னொரு குழு, க்ரூப்போ ஸ்ட்ரும்னு பேரு, வீட்டுக்காக தொழிலாளிங்க நடத்துன போராட்டத்த போட்டோ கதையா அச்சடிச்சு வர்றவங்களுக்கு குடுத்தாங்க. அதாவது பொருள் விக்க உதவி பண்ணவங்க ஆதரவுல நடந்த கண்காட்சிக்குள்ளயே, பொருள் எதுக்குடா இத்தனைனு கேக்குறவங்களுக்கும் இடம் இருந்துச்சு. அம்பது வருஷம் தாண்டியும் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்க அந்த கண்காட்சிய பத்தி படிக்கிறாங்கன்னா அதுக்கு முக்கிய காரணம் இதுன்னு தான் நான் நினைக்கிறேன்.

அதனால உங்க கோபம் நியாயமான கோபம், ஆனா அத கொண்டு போய் சேர் மேல காட்டாதீங்க. 2024ல ஜெர்மனில நடந்த ஃப்ராங்க்ஃபர்ட் புத்தக கண்காட்சி மேல காட்டுங்க. 1988க்கு அப்புறம் ரெண்டாவது தடவையா இத்தாலி அங்க கௌரவ விருந்தாளி நாடு, ஸ்தெஃபானோ போயெரினு ஒரு ஆர்க்கிடெக்ட் இத்தாலி ஊர் சதுக்கம் மாதிரியே பெவிலியன் கட்டி குடுத்தாரு, நூறு எழுத்தாளர்கள் வர்ற மாதிரி அதிகாரபூர்வ பட்டியல். அதுல ராபெர்த்தோ சவியானோ பேரு இல்ல. நேப்பிள்ஸ்ல இருக்குற கமோராங்கிற மாஃபியா கும்பல பத்தி எழுதினதுக்காக 2006லேர்ந்து போலீஸ் பாதுகாப்புல வாழ்ற மனுஷன், இத்தாலிக்கு வெளியயும் ஏகப்பட்ட பேர் படிக்கிற எழுத்தாளர், பின்னால பிரதமரான மெலோனிய டிவில கடுமையா திட்டினதுக்கு 2023ல கோர்ட்டு ஆயிரம் யூரோ அபராதம் போட்டுச்சு. இதுவரைக்கும் வாய்ப்பு கிடைக்காதவங்களுக்கு இடம் குடுக்க நினைச்சோம்ங்கிற மாதிரி ஒரு விளக்கம் வந்துச்சு, நான் அத நம்பல, அந்த ஊர் எழுத்தாளர்களும் நம்பல. நாப்பது பேருக்கு மேல கண்டனக் கடிதத்துல கையெழுத்து போட்டாங்க, பட்டியல்ல பேரு இருந்தவங்கள்லயே சிலர் நாங்க வரலன்னுட்டாங்க. சவியானோ கடைசில ஜெர்மன்காரங்க அழைப்புல ஃப்ராங்க்ஃபர்ட் போய் பேசினாரு. சொந்த நாடு விருந்தாளியா இருக்குற எடத்துக்கு இன்னொருத்தன் வீட்டு வாசல் வழியா போக வேண்டியிருந்துச்சு, எனக்கு அத படிச்சப்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு.

ஒரு அரசாங்கமே கடை விரிக்கலாமானு கேட்டீங்க, அவங்க கடை மட்டும் விரிக்கல. உலகம் பூரா எண்பதுக்கு மேல இத்தாலி கலாச்சார நிலையம் இருக்கு, இந்தியாவுல டெல்லி, மும்பைனு ரெண்டு. 2001லேர்ந்து அக்டோபர் மாசம் இத்தாலி மொழி வாரம் நடத்துறாங்க, 1583ல பொறந்த க்ரூஸ்காங்கிற இத்தாலி மொழி அகாதெமியும் அதுல கூட்டு. க்ரூஸ்கானா தவிடு, மாவையும் தவிட்டையும் பிரிக்கிற சல்லடை தான் அவங்க சின்னமே. அந்த நிலையங்கள் வழியா வேற மொழில மொழிபெயர்க்கிற பதிப்பாளர்களுக்கு பண உதவியும் விண்ணப்பிக்கலாம், ஸ்டேஜுல பூங்கொத்து குடுக்குறத விட இந்த செலவு தான் எனக்கு பெருசா தெரியுது, ஏன்னா விழா முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு போனப்புறமும் புக்கு அந்த ஊர் லைப்ரரில இருக்கும், அந்த ஊர் பாஷைல இருக்கும்.

அடுத்த வருஷமும் போங்க, பாதில எழுந்து வந்துடாதீங்க. அந்த சேர்ல உக்காந்து பாருங்க, முதுகுக்கு ஒத்து வருதானு பாருங்க. அப்புறம் கேள்வி நேரத்துல மைக்க வாங்கி, இன்னிக்கு பேச ஆள் யாரு தேர்ந்தெடுத்தாங்க, யார கூப்பிடாம விட்டீங்கனு நேரா கேளுங்க. என்ன பதில் சொன்னாங்கனு எனக்கு எழுதுங்க, இதே பக்கத்துல போடுறேன்.