ரத்தத்துல இரும்பு, கையில காந்த வளையம்

"அன்புள்ள சார், பறவைங்க தலைக்குள்ள காந்தம் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா? மனுஷ ரத்தத்துலயும் இரும்பு இருக்கு, அதனால காந்த வளையம் மாட்டினா ரத்த ஓட்டம் சீராகி உடம்பு வலி போகும்னு அப்பா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கார். பூமியோட காந்த துருவம் தலைகீழா மாறினா உயிர்கள் அழிஞ்சிடுமா? - ஒரு வாசகன்"

தம்பி,

துருவக் கதையை விடுங்க. கடைசியா முழுசா மாறி சுமார் 7,80,000 வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடியும் எத்தனையோ தடவை மாறியிருக்கு, உயிர்கள் இங்கதானே இருக்கு.

நடுக் கேள்விதான் என்னைக் கிளப்பி விட்டுடுச்சு, ஏன்னா இந்த "ரத்தத்துல இரும்பு" பேச்சு மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இரும்புன்னாலே காந்தம் இழுத்துடுமா? ஆணியில கோடானுகோடி அணுக்கள் ஒண்ணா சேர்ந்து ஒரே திசைக்குத் திரும்புது, அதனால இழுபடுது. ரத்தத்துல இரும்பு ஒவ்வொரு அணுவா ஹீமோகுளோபின்ங்கற ரத்தப் புரதத்துக்குள்ள தனித்தனியா உக்காந்திருக்கு, அதுங்களுக்குள்ள கூட்டே கிடையாது. லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க 1936லயே அளந்து சொல்லிட்டாங்க, ஆக்ஸிஜன் ஏறின ஹீமோகுளோபினை காந்தம் இழுக்காது, ரொம்ப லேசா தள்ளத்தான் செய்யும். ஆக்ஸிஜன் இறங்கின ஹீமோகுளோபினை மட்டும் துளியூண்டு இழுக்கும். அந்த துளி வித்தியாசத்தை வெச்சுதான் இன்னைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்ல மூளையோட எந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு பாக்குறாங்க, அதுக்கே ராட்சச காந்தம் வேணும். எம்ஆர்ஐ மெஷின் 3 டெஸ்லான்னா (டெஸ்லாங்கறது காந்தப்புல பலத்தோட அளவு) பூமியோட காந்தப்புலத்தை விட அறுபதாயிரம் மடங்கு பக்கம். அதுக்குள்ள படுத்து எழுந்து வர்றவங்களுக்கு ரத்தம் ஒரு பக்கமா ஓடிடுதா? அப்போ கையில மாட்டுற வளையம் எதை இழுக்கப் போகுது? படிச்ச பிள்ளை நீங்க, இந்த ஒரு கேள்வியை கேட்டுப் பாத்திருக்க வேணாமா!

இதுல எனக்கு நிஜமாவே வருத்தம் என்னன்னா, உயிர்கள்ல காந்தம் வேலை செய்யுற அழகே அது எவ்ளோ பலவீனமானதுங்கறதுலதான் இருக்கு, நம்மாளுங்க அங்க போய் பலத்தைத் தேடுறாங்க. 1975ல ரிச்சர்ட் பிளேக்மோர் சேத்துல இருந்து எடுத்த பாக்டீரியா பத்தி எழுதினார், உடம்புக்குள்ள மேக்னடைட்ங்கற காந்த இரும்புத் தாதுத் துகளை தானே செஞ்சு வரிசையா அடுக்கி வெச்சுக்குது, செத்தாலும் அந்த உடம்பு வடக்கு தெற்கா திரும்பி நிக்கும். பூமியோட புலம் 25ல இருந்து 65 மைக்ரோடெஸ்லாதான் (டெஸ்லாவுல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரோடெஸ்லா), அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு செல் வழி கண்டுபிடிக்குது.

பறவைக்கு இன்னும் முடிவான பதில் இல்ல. புறா அலகுல இரும்பு உணர் செல் இருக்குன்னு ரொம்ப வருஷம் நம்பினாங்க, 2012ல பாத்தா அதெல்லாம் பழைய ரத்த இரும்பை விழுங்கின மேக்ரோஃபேஜ், அதாவது உடம்புல கழிவை விழுங்குற செல். ராபின் பறவைக்கு கண்ணுல இருக்குற கிரிப்டோகுரோம்னு ஒரு புரதம், வெளிச்சம் பட்டா காந்தத்தை உணருதுன்னு இப்போ பலமான ஊகம். அந்தப் பறவைக்கு வடக்கு எது தெற்கு எதுன்னு தெரியாது, காந்தக் கோடு தரைக்கு எவ்ளோ சாஞ்சிருக்குன்னு பாத்து துருவம் எந்தப் பக்கம், நிலநடுக்கோடு எந்தப் பக்கம்னு மட்டும் முடிவு பண்ணிக்கும்.

அப்பாகிட்ட சண்டை போடாதீங்க, உடம்பு வலிக்கிற மனுஷன் எதையாவது பிடிச்சுக்கத்தான் பாப்பார். வலிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதயத் துடிப்பை சீராக்குற பேஸ்மேக்கர் கருவி வெச்சிருக்காரான்னு எழுதலையே, ரத்தத்தை ஒண்ணும் பண்ணாத காந்தம் அந்தக் கருவியைக் குழப்பிடலாம், வெச்சிருந்தா அந்த வளையத்தை இப்பவே கழட்டி அவர் பக்கம் வராம எடுத்து வெச்சிடுங்க.