மசரிக் பற்றி 20 நிமிடம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் தோமாஷ் மசரிக் பற்றி 20 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 30 பக்கம் குறிப்பு சேர்ந்துவிட்டது. படித்துப் பார்த்தால் வெறும் தேதிப் பட்டியலாக இருக்கிறது. தத்துவப் பேராசிரியர் ஒருவர், கையில் படையும் இல்லாமல் பணமும் இல்லாமல், 68 வயதில் எப்படி ஒரு நாட்டுக்குத் தலைவரானார்? அந்த இடம்தான் எனக்குப் பிடிபடவில்லை.
– ஒரு வாசகி

பதில்: பிடிபடாத அந்த இடத்தையே பேச்சின் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களுக்கும் அதே சந்தேகம்தான் இருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். 1918-இல் மசரிக்கிடம் படையும் இருந்தது, பணமும் இருந்தது. ரஷ்யாவில் செக், ஸ்லோவாக் போர்க் கைதிகளையும் அங்கே குடியேறியிருந்தவர்களையும் கொண்டு 40,000 பேருக்கு மேல் திரண்ட படை அது. பணம், அமெரிக்காவில் குடியேறிய செக்குகளும் ஸ்லோவாக்குகளும் திரட்டிக் கொடுத்தது. அவரிடம் இல்லாதது வாக்கு வங்கி. செக் நிலம் அப்போது ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசில் இருந்தது; 1907-இன் ஆஸ்திரிய நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய யதார்த்தவாதக் கட்சிக்குக் கிடைத்தவை 2 இடங்கள். 1911-இல் ஒரே ஓர் இடம், அதுவும் அவருடையது. சொந்த ஊரில் ஒற்றை உறுப்பினராக நின்றவர் சொல்லை லண்டனும் வாஷிங்டனும் ஏன் காதுகொடுத்துக் கேட்டன? உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டால் விடைக்கு வழி தெரியும்.

அந்த நம்பகத்தை அவருக்குச் சம்பாதித்துத் தந்தவை மூன்று சர்ச்சைகள். மூன்றிலும் அவர் செய்தது ஒரே வேலை: எல்லோரும் நம்பிய சான்றை எடுத்து, வரிவரியாகச் சோதித்து, அது நிற்காது என்று சொன்னது. 20 நிமிடத்தில் 9 நிமிடத்தை இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

முதலாவது, கையெழுத்துப் பிரதிகள். 1817-இல் த்வூர் க்ராலோவே ஊரிலும், அடுத்த ஆண்டு ஸெலேனா ஹோரா பெயரிலும் இரண்டு பழைய சுவடிகள் வெளிப்பட்டன. செக் மொழியில் வீரகாவியப் பாடல்கள். ஒன்று 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மற்றது அதற்கும் பல நூற்றாண்டு முந்தையது என்றார்கள். ஜெர்மன் மொழியின் நிழலில் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய பெருமை என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1886 பிப்ரவரியில், மசரிக் நடத்திவந்த ‘அதேனேயும்’ இதழில் மொழியியலாளர் யான் கெபாவர் இந்தச் சுவடிகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் சோதித்த முறையை மேடையில் கட்டாயம் சொல்லுங்கள்: ஐயத்துக்கு இடமில்லாத மற்ற பழஞ்செக் நூல்களின் இலக்கணத்தை ஒரு பக்கம் வைத்து, சுவடிகளின் சொல்வடிவங்களை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார். உண்மையான பழைய நூல்கள் எதிலும் இல்லாத வடிவங்கள் சுவடிகளில் நிறையக் கிடைத்தன. மசரிக் அதைப் பதிப்பித்ததோடு நிற்கவில்லை, சமூகவியல் நோக்கில் தாமும் எழுதினார். பொய்யின் மேல் கட்டிய பெருமை ஒரு தேசத்துக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. நாளேடுகள் துரோகி என்று வசைபாடின. 1882-இல் பிராகின் செக் பல்கலைக்கழகத்தில் துணைநிலைப் பேராசிரியராகச் சேர்ந்தவர், முழுப் பேராசிரியராக 1897 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் கொடுத்த விலைக்கு இந்த இடைவெளி ஒன்றே போதுமான சான்று.

இரண்டாவது, 1899-இல் நடந்த ஹில்ஸ்னர் வழக்கு. போல்னா என்ற சிற்றூரில் 19 வயதுப் பெண் கொலையுண்டாள். யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவ இரத்தம் எடுப்பார்கள் என்ற பழைய மூடநம்பிக்கை கிளம்பியது. லியோபோல்ட் ஹில்ஸ்னர் என்ற ஏழை யூத இளைஞருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மசரிக் வழக்கு ஆவணங்களைப் படித்து, மறுவிசாரணை தேவை என்று சிறுநூல் எழுதினார். நேரில் போல்னாவுக்கே போய் இடத்தைப் பார்த்தார். மாணவர்கள் திரண்டு கூச்சலிட்டதில் அவர் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. இங்கே பலர் செய்யும் பிழை, ‘மசரிக் ஹில்ஸ்னரை விடுவித்தார்’ என்று எழுதுவது. நடந்தது அதுவல்ல. 1900 மறுவிசாரணையிலும் மரண தண்டனையே கிடைத்தது. பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1918-இல்தான் பேரரசரின் மன்னிப்பில் வெளியே வந்தார். அந்த வழக்கில் மசரிக் தோற்றார் என்றே சொல்லுங்கள், தவறில்லை.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 1909-இல் வியன்னா வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் ஃப்ரீட்யுங், ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சகம் கொடுத்த ஆவணங்களை நம்பி, பேரரசுக்குள் இருந்த குரோவாசியாவின் குரோவாசிய–செர்பிய அரசியல் கூட்டணித் தலைவர்கள், அண்டை நாடான செர்பியாவிடம் பணம் வாங்கினார்கள் என்று எழுதினார். அவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். ஆவணங்களின்படி செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய செர்பியப் பேராசிரியர், அதே நாளில் பெர்லினில் இருந்தார். பெர்லின் காவல்துறைப் பதிவே அதைக் காட்டிவிட்டது. ஒரு தேதி, ஓர் ஊர், அவ்வளவுதான், கட்டுக்கதை சரிந்தது. மசரிக் பெல்கிரேடுக்குப் போய் விசாரித்து, போலி ஆவணங்களின் வேர் அங்கிருந்த ஆஸ்திரியத் தூதரகத்திலேயே இருக்கிறது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

இனி, உங்கள் கேள்விக்கான முடிச்சு அவிழும் இடம். மூன்றாவது சர்ச்சையைக் கூர்ந்து கவனித்த பிரிட்டன்காரர் இருவர்: அறிஞர் ஸீட்டன்-வாட்சன், ‘டைம்ஸ்’ செய்தியாளர் விக்கம் ஸ்டீட். ஆஸ்திரிய அரசாங்கத்தின் ஆவணத்தைவிட இந்தப் பேராசிரியரின் சொல்லை நம்பலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். போர் தொடங்கி, 1914 டிசம்பரில் மசரிக் மகள் ஓல்காவுடன் பிராகை விட்டு வெளியேறியபின், லண்டனில் அவருக்குக் கதவு திறந்தவர்கள் இவர்களே. 1915 அக்டோபரில் கிங்ஸ் கல்லூரியில் சிறிய தேசங்களின் சிக்கல் பற்றி அவர் உரையாற்றினார். அதேபோல, ஹில்ஸ்னருக்காகப் பேசியதை அமெரிக்க யூதர்கள் மறக்கவில்லை. 1918-இல் அவர்களுடைய ஆதரவு எவ்வளவு கைகொடுத்தது என்பதை மசரிக்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். உள்ளூரில் வாக்கை இழக்கவைத்த அதே செயல்கள், வெளியூரில் நம்பகமாக வந்து சேர்ந்தன.

போர்க்காலத்துக்கு 5 நிமிடம் போதும். 1915 ஜூலையில், செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹூஸ் எரிக்கப்பட்ட 500-ஆம் ஆண்டு நினைவில், ஜெனீவாவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக வெளிப்படையாக நின்றதைச் சொல்லுங்கள். 1916-இல் பாரிசில், செக்கரான பெனெஷ், ஸ்லோவாக்கான ஷ்டெஃபானிக் இருவருடனும் சேர்ந்து, விடுதலைக்காக வெளிநாட்டிலிருந்து இயங்கிய தேசிய மன்றம். 1917-இல் ரஷ்யாவில் படை திரட்டல். 1918-இல் சைபீரிய ரயிலில் விளாடிவாஸ்டோக், அங்கிருந்து ஜப்பான் வழியாக அமெரிக்கா. அந்தப் படை 1918 கோடையில் சைபீரிய ரயில்பாதையின் பெரும்பகுதியைக் கைப்பற்றியதும் நேச நாடுகளின் கவனம் முழுக்கத் திரும்பியது. செப்டம்பர் 3-இல் தேசிய மன்றத்துக்கு அமெரிக்க அங்கீகாரம். அக்டோபர் 28-இல் பிராகில் சுதந்திர அறிவிப்பு. இங்கேயும் ஒரு பிழை காத்திருக்கிறது: அன்று மசரிக் பிராகில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார். நவம்பர் 14-இல் அவர் இல்லாமலே அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 21-இல்தான் ஊர் திரும்பினார். இதற்கிடையில் மகன் ஹெர்பர்ட் டைஃபஸ் காய்ச்சலில் இறந்திருந்தார், மகள் அலிஸ் சிறைக்குப் போய் வந்திருந்தார். அவர் ஊர் திரும்பிய காட்சியைக் கொண்டாட்டமாக மட்டும் வருணித்துவிடாதீர்கள்.

இளமைக்கு 3 நிமிடம். 1850 மார்ச் 7, மொராவியாவின் (இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதி) ஹோடோனின் ஊரில் பிறப்பு. அப்பா ஸ்லோவாக், குதிரை வண்டி ஓட்டுபவர். அம்மா மொராவியர், சமையல் வேலை பார்த்தவர். அதனால் ‘செக் தலைவர்’ என்று மட்டும் சொன்னால் பாதிதான். வியன்னாவில் பூட்டுத் தொழில், பிறகு ஊரில் கொல்லன் பட்டறை, அதன்பின் படிப்பு. 1876-இல் பிளேட்டோ பற்றி முனைவர் பட்டம். தற்கொலையைச் சமூகப் பிரச்சினையாக ஆராய்ந்த நூல் 1881-இல் வந்தது. முழுப் பெயர் தோமாஷ் கரிக் மசரிக்; நடுவில் வரும் ‘கரிக்’ மனைவி சார்லட்டின் குடும்பப் பெயர்; 1878-இல் புரூக்ளினில் திருமணம் ஆனபோது அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்து ஆண் ஒருவர் செய்த காரியம் இது. சபையில் சொல்லுங்கள், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மீதி 3 நிமிடம் ஆட்சிக்கு. 1920, 1927, 1934 என மீண்டும் மீண்டும் தேர்வு. 1935 டிசம்பர் 14-இல் உடல்நலம் கெட்டு விலகல். 1937 செப்டம்பர் 14-இல் லானியில் மறைவு. இங்கே குறைகளை மறைக்காதீர்கள். புதிய நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் ஜெர்மானியர் இருந்தார்கள். திரும்பி வந்த மறுநாளே ஆற்றிய உரையில் மசரிக் அவர்களைக் குடியேறி வந்தவர்கள் என்று குறிப்பிட்டது ஆறாத காயமாயிற்று. 1918 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் ஸ்லோவாக்குகளுக்குத் தனி நிர்வாகமும் தனிச் சட்டமன்றமும் உண்டு என்று கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை. சான்றைச் சோதிப்பதில் இவ்வளவு கறாராக இருந்தவர் இந்த இரண்டு இடங்களில் ஏன் தடுமாறினார் என்ற கேள்வியை நீங்களே எழுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கேட்பவர்களில் ஒருவர் எழுப்புவார்.

கையோடு இரண்டு வரைபடங்கள் கொண்டுபோங்கள்: 1910-இன் ஆஸ்திரிய–ஹங்கேரி, 1920-இன் செக்கோஸ்லோவாக்கியா. அவை இல்லாமல் மொராவியா, போஹீமியா, ஸ்லோவாக்கியா மூன்றும் காற்றில் மிதக்கும். மகன் யான் மசரிக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வெளியுறவு அமைச்சராக இருந்து 1948 மார்ச்சில் இறந்தவர். ‘மசரிக் பல்கலைக்கழகத்திலிருந்து பிரதமரான பேராசிரியர்’ என்று யாராவது கேட்டால், அது பேதர் ஃபியாலா: பிர்னோ நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கு நிகரான பதவியில் 2004 முதல் 2011 வரை இருந்தார், 2021-இல் செக் குடியரசின் பிரதமரானார். செக் பெயர்களில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்: தோமாஷ், மசரிக், ஹோடோனின். மேடையேறும் முன் நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.