அடிபட்டு வளரும் பிள்ளைகள்தான் பின்னால் குற்றத்தில் இறங்குகிறார்களா?

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது அநியாயம். மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். இளைஞர் நீதிக் குழுமத்துக்கு (18 வயது ஆகாத பிள்ளைகள் மேல் வரும் வழக்கை விசாரிக்கும் இடம்) வரும் பையன்களுக்குச் சட்ட உதவியில் ஆஜராவது உண்டு. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆரில் அவன் அடித்த நாள் இருக்கும், அடி வாங்கிய நாள் இருக்காது. வைகைக் கரையோரத் தெருவிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனை வைத்துக்கொள்ளுங்கள் (பல பேரைச் சேர்த்துச் சொல்கிறேன், ஒருத்தன் இல்லை). டியூஷன் விட்டு வரும்போது நாலைந்து பேர் மறித்து போனைப் பிடுங்குவார்கள், அறைந்து அதை வீடியோவும் எடுப்பார்கள். வீட்டில் சொன்னால் "எங்கடா தொலைச்ச?" என்று அப்பாவிடம் இன்னொரு அடி. ஸ்டேஷனுக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம். மிச்சம் ஏரியா அண்ணன்தான். "எவன்டா உன் மேல கை வச்சது?" என்று அவர் ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் எவனும் கிட்டே வரமாட்டான். அதற்கு விலை உண்டு. முதலில் டீ வாங்கி வருவது, பிறகு பொட்டலம் கைமாற்றுவது, ஒருநாள் பைக்கின் பின்சீட்டில் ஏறிப் போவது.

பள்ளிக்கூடப் பையில் சூரிக்கத்தி வைத்திருந்தவனைக் கேட்டால், "குத்த இல்ல சார், பயமா இருந்துச்சு" என்பான். அதை நான் நம்புகிறேன். ஆனால் பையில் கத்தி இருந்தால் வெறும் தள்ளுமுள்ளு கொலைமுயற்சி வழக்காக மாற ஒரு நிமிடம் போதும். வழக்கு விழுந்ததும் எதிர்த்தரப்பு அவனைத் தேட ஆரம்பிக்கும். வெட்டியவனே கொஞ்ச நாளில் வெட்டுப்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடப்பதும் நடக்கிறது.

இனி மறுபக்கம். அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் கேத்தி விடோம் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. சின்ன வயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பேரையும், ஒப்பிட 667 பேரையும் எடுத்துக்கொண்டார். முதல் கூட்டத்தில் சிறார் வயதில் கைதானவர்கள் 26 சதவீதம், மற்றதில் 17. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் முதல் கூட்டத்திலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிறார் வயதில் கைதாகவே இல்லை. அதனால் "அடிபட்டவன், இவன் இப்படித்தான் ஆவான்" என்று வாத்தியார் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சட்டத்துக்கு இது தெரியும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 8வது பிரிவே, குற்றம் சாட்டப்பட்ட குழந்தை அதே நேரத்தில் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, அவனைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்ப வழி வைத்திருக்கிறது. 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் தரும் சமூக விசாரணை அறிக்கையிலும், பையன் கொடுமைக்கு ஆளானானா என்ற கேள்வி இருக்கிறது. அதில் "இல்லை" என்று வந்தால் நான் அவனை மறுபடி உட்காரவைத்துப் பேசுவேன். "உன்னை யாராவது கொடுமைப்படுத்தினாங்களா?" என்றால் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவான். "உன் பழைய போன் என்னாச்சு?" என்று கேட்டால் எல்லாம் வரும்.

உங்கள் வீட்டுப் பையன் அடிபட்டு வந்தால் முதலில் அவனைத் திட்டாதீர்கள். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டுப் புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் தாள்) வாங்காமல் வராதீர்கள். நாளைக்கு அவன் மேலேயே வழக்கு வந்தால் எனக்கு அந்தத் தாள் வேண்டும். ஸ்டேஷன் படியேறத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.